முப்பிடாதியின் கூப்பாடு

முப்பிடாதிக்குத் தொண்டையில் கத்தி வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கட்டியை எடுத்த டாக்டர் கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார். வேறு வழியில்லை என்றார். முப்பத்தொரு வருஷம் தமிழ்நாட்டைச் சிரிக்க வைத்த குரல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மயக்கத்தில், அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

ஆனால் ஒரு படம் பாக்கி இருந்தது.

நடித்து முடித்தாயிற்று. கல்குவாரி ஓரம் டீக்கடை வைத்திருக்கும் ஒரு தாய். படப்பிடிப்பு நடந்தபோதே குரல் கட்டிப்போய்க் கரகரவென்றுதான் வந்தது. "டப்பிங்ல பார்த்துக்கலாம்க்கா" என்றார்கள். டப்பிங் வந்தபோது பார்த்துக்கொள்ளக் குரல் இல்லை.

முப்பிடாதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. பிறந்தது தென்காசி. பீடி சுற்றின கை. இருபத்திரண்டு வயதில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கிற வேஷம். பிறகு சென்னை. இருநூற்று எண்பது படம். அடுத்த வீட்டுக்காரி, மாமியார், மெஸ்காரி, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த இடத்தில் நீதிபதிக்கே வரன் பார்க்கிற தரகர் அம்மாள்.

பேசின வசனம் அத்தனையும் அவரே எழுதினது. டைரக்டர்கள், "இந்த இடத்துல ஏதாவது பேசிடுங்கக்கா" என்பார்கள். அந்த 'ஏதாவது' என்பதை முந்தின நாளே கோடு போட்ட நோட்டில் எழுதி, எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பது முதற்கொண்டு குறித்து, மனப்பாடம் செய்துகொண்டு வருவார். டைட்டிலில் நடிகையாக மட்டும்தான் பெயர் வரும். கேட்டால், "எழுதுனது நான்னு எனக்குத் தெரியும்லா" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

ஒவ்வொரு படத்திலும் ஒரு கூப்பாடு இருக்கும். மகனையோ, புருஷனையோ, ஒரு படத்தில் ஆட்டையோ, பெயர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். அவ்வளவுதான். சிரிப்பில் தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

அந்தக் கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவள் ஜெசிந்தா.

தூத்துக்குடிக்காரி. கான்வென்டில் படிக்கும்போது சிஸ்டர்கள் பேசுகிற மாதிரியே பேசி, முட்டிபோட்டு நின்றவள். பத்தொன்பது வயதில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விழாவில் முப்பிடாதி மாதிரி பேசிக் காட்டினாள். முதல் வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தவர் முப்பிடாதியேதான். விழுந்து விழுந்து சிரித்தார். மேடைக்கு வந்து கட்டிப்பிடித்து, "ஏட்டி, என்னைவிட நல்லா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஜெசிந்தாவுக்குக் குரு அவர்தான். கோயில் விழா, கல்யாண வீடு, டிவி என்று பத்தொன்பது வருஷம் அந்தக் குரலிலேயே சோறு சாப்பிட்டாள். கல்யாணம் தள்ளிப்போய், பிள்ளையும் தள்ளிப்போய், இப்போது ஜோவிட்டா என்று ஐந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

"அக்கா உங்களைத்தான் கூப்பிடச் சொன்னாங்க" என்று போன் வந்த அன்று, ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இருநூற்று எண்பது படம் நடித்தவரின் கடைசிப் படத்துக்குத் தன் தொண்டை. மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

*

டப்பிங் அறைக்குள் மைக்குக்கு முன்னால் ஜெசிந்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் தனபால், டைரக்டர் அதியன். அதியனுக்கு இருபத்தொன்பது வயது. அவர்களுக்குப் பின்னால் சோபாவில் முப்பிடாதி. கழுத்தில் சின்னதாக ஓர் ஓட்டை, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. மடியில் சிலேட்டு. பிள்ளைகள் எழுதுவார்களே, பொத்தானை அமுக்கினால் எழுத்தெல்லாம் அழிந்துபோகிற பிளாஸ்டிக் சிலேட்டு, அது. பக்கத்தில் மகன் இசக்கி, நாற்பத்தொரு வயது, பேப்பர் படித்துக்கொண்டு.

திரையில் காட்சி ஓடிற்று. மகன் சுடலை வெளிநாட்டு வேலைக்குப் போகிறான். லாரியில் ஏறிவிட்டான். தாய் டீக்கடை வாசலில் நின்று திட்டுகிறாள்.

ஜெசிந்தா பேசினாள்.

"போ. நல்லா போ. அங்கன போயி ஒட்டகத்துக்குப் பல்லு விளக்கி விடு. இங்கன உன் பல்லையே ஏழு வயசு வரைக்கும் நான்தான விளக்கி விட்டேன். சட்டை மடிக்கத் தெரியாது, சோறு பிசையத் தெரியாது, தொரை பிளேன் ஏறப் போறாராம். மூணாம் நாளு எம்மான்னு போன் வரும். எடுக்கவே மாட்டேன். மணி அடிச்சு அடிச்சு ஓயட்டும்."

லாரி கிளம்புகிறது. தாய் இரண்டு எட்டு முன்னால் வைக்கிறாள்.

"சொடலேஏஏஏய்ய்!"

அதியன் கைதட்டினான். தனபால் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியே இருக்குக்கா! கண்ணை மூடினா பெரியக்காவேதான்!" என்றான் அதியன்.

டக், டக், டக்.

முப்பிடாதி எழுந்து வந்து கண்ணாடியை விரல் கணுவால் தட்டிக்கொண்டிருந்தார். சிலேட்டைத் திருப்பிக் காட்டினார்.

'யாரு இது?'

"நீங்கதான்க்கா" என்றான் அதியன்.

பொத்தானை அமுக்கினார். எழுதினார்.

'நான் இப்படிக் கூப்பிட்டதே இல்ல.'

"என்னக்கா நீங்க! எங்க அண்ணன் பையன் மூணு வயசு, அவன்கூட உங்களை மாதிரி கூப்பிட்டுக் காட்டுவான்."

'எந்தப் படம்?'

அதியன் சிரித்தபடியே போனை எடுத்துத் தேடினான். முதலில் கிடைத்தது ஒரு டிவி நிகழ்ச்சி. அடுத்தது ஒரு ரிங்டோன். அதற்கடுத்தது கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழன் எவனோ கத்தினது. நான்காவதாகத்தான் முப்பிடாதியின் படம் கிடைத்தது. காதில் வைத்துக் கேட்டான். கூப்பாடு சட்டென்று வந்து சட்டென்று முடிந்தது. இழுவையே இல்லை. இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு படத்தையும் தேடிக் கேட்டான்.

மெதுவாக ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பாளையங்கோட்டை மேடை. முதல் வரிசையில் முப்பிடாதி. கூப்பிடும்போது பயத்தில் பெயரை முடிக்க வரவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போனாள். அரங்கம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த இழுவையை அவள் விட்டதில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிலேட்டு உயர்ந்தது.

'வாலு. உன் வாலு.'

"அன்னிக்கு நீங்கதானக்கா சொன்னீங்க, என்னைவிட நல்லா இருக்குன்னு?"

'நல்லாத்தான் இருந்துச்சு. அது நான் இல்ல.'

இசக்கி பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "கம்ப்யூட்டரும் வாலு போட்டுச்சு."

"என்ன கம்ப்யூட்டர்?"

"உங்களுக்குச் சொல்லலையா? முதல்ல கம்ப்யூட்டர்லதான் அம்மா குரலைச் செஞ்சு பார்த்தாங்க. இன்டர்நெட்ல அம்மா பேரு போட்டது எல்லாத்தையும் அள்ளி அதுக்குள்ள போட்டிருக்காங்க. அதுல பாதி உங்க நிகழ்ச்சி. போட்டுக் காட்டினா, நாலு முழத்துக்கு இழுக்குது. தயாரிப்பாளர் கண்ணு கலங்கிட்டாரு, அச்சு அசல் அம்மாங்கிறாரு. அம்மா சிலேட்டை எடுத்து எழுதினாங்க. 'இது ஜெசிந்தா. அவளையே கூட்டிட்டு வாங்க'ன்னு."

ஜெசிந்தாவின் காது இரண்டும் சுட்டன. தன் குரல் அவர் குரலைப் போல இருப்பதால் கூப்பிட்டார்கள் என்று மாதா முன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மைக்கில் கேட்டாள்: "அப்போ என்னை ஏன்க்கா கூப்பிட்டீங்க? வேற யாரையாவது..."

'வாலை வச்சவதான் எடுக்கணும்.'

எழுதிவிட்டு முப்பிடாதி சிரித்தார். சத்தம் இல்லை. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. இருநூற்று எண்பது படத்தில் பார்த்த சிரிப்பு, ஒரு சின்னத் துணியில் அடிப்பதை ஜெசிந்தா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வரை இருபத்துமூன்று தடவை கூப்பிட்டாள். திட்டு ஒவ்வொரு தடவையும் தேனாக வந்தது. கூப்பாடு வரவில்லை. வாலை வெட்டினால் மிச்சம் ஒன்றுமே இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் படிக்கிற மாதிரி இருந்தது.

அதியன் நல்ல பையன். நயமாகத்தான் சொன்னான்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பார்ப்போம்க்கா. அதுக்கு மேல எனக்கு நாள் இல்லை. வரலைன்னா அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டு, வயலினைப் போட்டு மூடிடறேன். வாய் அசையும், மியூசிக் மட்டும் கேட்கும். நல்லாத்தான் இருக்கும்."

நல்லாத்தான் இருக்கும். முப்பிடாதியின் கடைசிக் கூப்பாட்டின் மேல் வயலின்.

ஜெசிந்தா முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், அழிக்க அதில் எதுவும் இல்லாதபோதும்.

"அக்கா, அந்தக் கூப்பாட்டை எப்படிப் போடுவீங்க? மூச்சா, வயிறா, தொண்டையா? ஏதாவது ஒண்ணைச் சொல்லிக் கொடுங்க. ராத்திரி பூரா போட்டுப் பார்த்துட்டு வாரேன்."

'தூங்கு. நாளைக்கு.'

*

மறுநாள் காலை முப்பிடாதி ஒரு துணிப்பையோடு வந்தார். சோபாவில் உட்கார்ந்து, பையைக் குனிந்து எடுத்து ஜெசிந்தாவின் மடியில் வைத்தார். உள்ளே பத்துப் பதினைந்து நோட்டுகள். கோடு போட்டவை. ஓரம் மஞ்சளாகி, சிலதில் எண்ணெய்க் கறை.

ஜெசிந்தா ஒன்றைத் திறந்தாள். கோர்ட் காட்சி. பச்சை மையில், சாய்வில்லாத பள்ளிக்கூட எழுத்து. அவள் பத்து வயதில் தியேட்டரில் கேட்டு, அப்பாவோடு வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்த வசனம். பக்கத்தில் குறிப்பு: 'இங்கே சிரிப்பார்கள். சிரித்து முடியட்டும். அவசரப்படாதே.' இன்னோர் இடத்தில்: 'இங்கே சிரிக்க மாட்டார்கள். பரவாயில்லை.' அடித்து எழுதி, மறுபடி அடித்து எழுதி, ஒரு வரிக்கு ஒன்பது வரி. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு புள்ளி.

தான் சும்மா வாய்க்கு வந்தது என்று நினைத்த அத்தனையும் இப்படி உட்கார்ந்து நெய்ததா? ஜெசிந்தா பக்கத்தைத் திருப்பும்போது விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

கூப்பாடு வருகிற பக்கம் வந்தது. அங்கே எழுத்து இல்லை. பெயர்கூட இல்லை. ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. உள்ளே காலி.

அடுத்த நோட்டிலும் வட்டம். அதற்கடுத்ததிலும். மாமியார் படத்தில் வட்டம், ஆட்டைக் கூப்பிட்ட படத்தில் வட்டம். எல்லா நோட்டிலும் அந்த ஓர் இடத்தில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, குறிப்பு இல்லை.

"என்னக்கா இது?"

'எழுத வரல.'

"முப்பத்தொரு வருஷமாவா?"

முப்பிடாதி தலையசைத்தார்.

இசக்கி தொண்டையைச் செருமினார். "அம்மா சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குப் பேச்சு இருந்தப்பவே சொன்னதில்ல. நாடகக் கம்பெனி ஆட்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். சொல்லட்டுமாம்மா?"

முப்பிடாதி நோட்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எனக்கு மூணு வயசு. தென்காசி பஸ் ஸ்டாண்டு. கம்பெனியோட சங்கரன்கோவில் போறதுக்கு நிக்கிறாங்க. அம்மா தலையில டிரங்குப் பெட்டி. நான் கையை விட்டுட்டு ஓடிட்டேன். எதுக்கு ஓடினேன்னு தெரியல, பலூனோ நாயோ. பின்னாடி ஒரு பஸ்ஸு ரிவர்ஸ் வருது. டிரைவர் என்னைப் பார்க்கலை. அம்மா பெட்டியைப் போட்டுட்டு ஒரு கூப்பாடு போட்டிருக்காங்க. நான் அப்படியே நின்னுட்டேன். பஸ்ஸும் நின்னுடுச்சு. சக்கரத்துக்கும் எனக்கும் ஒரு சாண் இருந்துதாம்."

"மாதாவே."

"அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சோ, பஸ் ஸ்டாண்டே சிரிச்சிருக்கு. வெள்ளரிக்காய் விக்கிறவங்க, கண்டக்டருங்க, எல்லாரும். கம்பெனி வாத்தியாரும் சிரிச்சிட்டு, 'ஏ முப்பிடாதி, அந்தச் சத்தத்தை இன்னிக்குச் சாயங்காலம் ஆட்டத்துல போடு'ன்னாராம். போட்டாங்க. அதுக்கப்புறம்தான் அம்மாவுக்குப் பேசுற வேஷம்னு ஒண்ணு வந்தது."

ஜெசிந்தா முப்பிடாதியைப் பார்த்தாள். பையின் வாயைச் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் இசக்கி. "கோவிச்சுக்காதீங்க. படத்துல அம்மா எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், டிவி ஓடுற ரூமை நான் திரும்பிப் பார்த்துடுவேன். இன்னிக்கும். ஆட்டைக் கூப்பிட்டாலும் திரும்பிடுவேன். எங்க வீட்டுக்காரி கேலி பண்ணுவா. உங்க நிகழ்ச்சியும் நிறையப் பார்த்திருக்கேன். வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன். ஒரு தடவைகூடத் திரும்பினதில்ல."

அம்மாவின் மருந்தை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

ஜெசிந்தா எழுந்து டப்பிங் அறைக்குள் போனாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் வினையாயிற்று.

*

"மேடம், வாயைத் திறக்குறீங்க. சத்தமே வரல" என்றார் தனபால்.

"இன்னொரு டேக்."

திட்டு வந்தது. ஒட்டகம் வந்தது, போன் மணி வந்தது. லாரி கிளம்பிற்று. ஜெசிந்தா வாயைத் திறந்தாள். யாரோ உள்ளே கதவைச் சாத்தின மாதிரி தொண்டை அடைத்துக்கொண்டது.

"மேடம், தண்ணி ஏதாவது..."

"இன்னொண்ணு."

ஆறு தடவை. ஏழாவது தடவை அவள் திட்டையே தொடங்கவில்லை. மைக்கிலிருந்து விலகி நின்று போனை எடுத்து, பிள்ளையை விட்டுவந்த காப்பகத்துக்கு அடித்தாள். ஜோவிட்டா சாப்பிட்டாளா? சாப்பிட்டாள். வாசல் கேட் பூட்டியிருக்கிறதா? பூட்டியிருக்கிறது. நீங்களே போய்ப் பார்த்தீர்களா? காப்பகத்து அம்மாள் சிரித்தபடி போனை வைத்தாள்.

மணி மூன்றரை. அதியன் யாருக்கோ போன் செய்து வயலின்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. முப்பிடாதி உள்ளே வந்தார். கனமான கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டதும், வெளிச் சத்தம் மொத்தமும் நின்றுபோயிற்று. ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிலேட்டு மடியில். எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவருடைய மூச்சு கழுத்து வழியாக வந்து போவது கேட்டது.

"பயமா இருக்குக்கா."

'எதுக்கு?'

"அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். அங்க உங்க பிள்ளை நின்னா எனக்குச் சத்தம் வராது. என் பிள்ளை நிக்கணும். நிறுத்திப் பார்க்க முடியல."

முப்பிடாதி முக்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நினைச்சா நடந்துடுமோன்னு இருக்குக்கா. நாங்க இருக்கிறது மூணாவது மாடி. பால்கனிக் கம்பி முழுக்கச் சேலையைச் சுத்திக் கட்டி வச்சிருக்கேன். தரையில ஒரு பட்டன், ஒரு மூடி கிடக்க விட மாட்டேன். குளிப்பாட்டுற வாளியில மிச்சத் தண்ணி வைக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரு என்னைப் பைத்தியம்கிறாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை... அவ செத்துப் போறாக்கா. என் தலைக்குள்ள. நான் சும்மா வெங்காயம் உரிச்சிட்டு இருப்பேன்."

இதை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன வேகத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீங்க எப்படிக்கா? இருநூத்தி எண்பது படம். ஒவ்வொரு தடவையும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாடியா போய் நின்னீங்க?"

முப்பிடாதி எழுதினார்.

'ஆமா.'

"இருநூத்தி எண்பது தடவையுமா?"

'டேக் எடுத்ததையும் கணக்குல சேத்துக்க.'

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா தாங்குனீங்க?"

முப்பிடாதி பொத்தானை அமுக்கினார். சிலேட்டு வெறுமையாயிற்று. இந்த முறை எழுத நேரம் எடுத்துக்கொண்டார். எழுதினதைத் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தார். அப்புறம்தான் திருப்பினார்.

'ஒவ்வொரு தடவையும் அவன் நின்னான்.'

ஜெசிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

'பஸ் ஸ்டாண்டு எதுக்குச் சிரிச்சுது?'

"நீங்க போட்ட சத்தம் வேடிக்கையா இருந்திருக்கும்."

தலையை ஆட்டினார். இல்லை.

'பிள்ள நின்னுட்டான்லா.'

தூத்துக்குடியில் ஒரு மேட்னி ஷோ ஜெசிந்தாவின் நினைவுக்கு வந்தது. வீட்டில் பல்லைக் காட்டாத அவள் அப்பா அன்று முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரென்றே தெரியாத பக்கத்து சீட்டுக்காரர் அப்பாவின் தோளைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆயிரம் பேர். எந்தப் பிள்ளை, எந்தச் சக்கரம் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஜெசிந்தா திரையைத் திரும்பிப் பார்த்தாள். லாரி, டீக்கடை, வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்கும் முப்பிடாதி.

"ஆனா இதுல லாரி நிக்காதேக்கா. அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கதை அப்படித்தான இருக்கு."

முப்பிடாதி எழுந்தார். நின்றபடியே எழுதினார்.

'டைரக்டருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கூப்பிடுதவளுக்குத் தெரியாதுல்லா.'

சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது.

*

"போலாமா மேடம்?" என்றார் தனபால்.

"போலாம்."

லாரி வந்தது. மகன் ஏறினான். ஜெசிந்தா திட்டினாள். இந்தத் தடவை திட்டு தேனாக வரவில்லை. ஒட்டகத்துக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறிற்று. 'மணி அடிச்சு அடிச்சு ஓயட்டும்' என்பதை அவள் லாரியின் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். திரையில் தாய் இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.

"சொடல!"

அவ்வளவுதான். ஒரு நொடிகூட இருக்காது.

சத்தம் அவளை விட்டுப் போய்விட்டது. அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை, அது எப்படி இருந்தது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனபால் பதிவை நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகச் சத்தத்தோடு வாழ்கிற மனிதர், கை மேஜை மேல் அப்படியே இருந்தது. அதியனின் போனில் வயலின்காரர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். திரையில் லாரி தூசியைக் கிளப்பிக்கொண்டு வளைவு திரும்பிற்று. தூசி அடங்கிற்று. காட்சி முடிந்து திரை கறுத்தது.

அதற்குப் பிறகுதான் தனபால் பதிவை நிறுத்தினார்.

கடைசியில் அதியன்தான் பேசினான். பழக்க தோஷத்தில் வந்த வார்த்தைதான் அது.

"அக்கா... சேஃப்டிக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாமா?"

ஜெசிந்தா கண்ணாடியைப் பார்த்தாள்.

முப்பிடாதி எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, சிலேட்டைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

'வேண்டாம். அவனுக்குக் கேட்டுருச்சு.'